திருகோணமலைத் துறையும் மாலுமிகளின் மதுவும்

இலங்கையின் கீழ்க்கரையில், கோணேசர் மலையின் அடியில் விரிந்து கிடக்கும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியதும், ஒல்லாந்தர் 1639இல் அக்கோட்டையைக் கைப்பற்றியதும், பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறி இத்துறைக்காகக் கடலிலே பொருததும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். இவ்வரலாறு பெரும்பாலும் பீரங்கியின் வரலாறாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆயினும், ஒரு கடற்படை பீரங்கியால் மட்டும் இயங்குவதன்று. துறைக்குள் நுழைந்த ஒவ்வொரு கப்பலும் நங்கூரமிட்டவுடன் கேட்டது மூன்று பொருள்களை: தண்ணீர், விறகு, மது. முதலிரண்டும் இயற்கை அளித்தவை. மூன்றாவதை மனிதர் வடித்தாக வேண்டும். அதனை வடித்தவர் யார், எதனால் வடித்தனர், அதனால் யாருக்கு ஆதாயம், யாருக்குக் கேடு என்னும் கேள்விகளைப் பின்தொடர்ந்து சென்றால், இத்துறைமுகத்தின் வரலாறு வேறொரு முகத்தோடு தோன்றும்.

பிரித்தானியக் கடற்படை 1731ஆம் ஆண்டில் தன் கப்பல்களுக்கான விதிகளைத் தொகுத்து அச்சிட்டது. அவ்விதிகளின்படி மாலுமி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் பியர் உண்டு. இன்றைய அளவில் அஃது ஏறத்தாழ நாலரை லீற்றர். கேட்பவருக்கு இது பெருங்குடியாகத் தோன்றலாம். உண்மையில் அது குடிநீருக்கு ஈடாக வழங்கப்பட்டது. மரப்பீப்பாயில் அடைத்த தண்ணீர் சில வாரங்களில் பாசி பிடித்து நாற்றமெடுக்கும். கொதிக்க வைத்து, ஹொப்ஸ் என்னும் கைப்புப் பூவைச் சேர்த்து, நொதிக்க வைத்த பியரோ அதனினும் சற்று நீண்ட நாள் தாங்கும். ஆனால் அந்தத் தாங்குதலும் ஐரோப்பாவின் குளிர்ந்த கடல்களில்தான். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வெப்பக் கடலுக்குள் கப்பல் புகுந்ததும் பீப்பாய்க்குள் இருந்த பியர் புளிக்கத் தொடங்கும். இதனை அறிந்தே விதியை எழுதியவர்கள், ஒரு கலன் பியருக்கு ஈடாக ஒரு பைந்து திராட்சை மதுவையோ, அரைப் பைந்து பிராந்தி, றம் அல்லது சாராயத்தையோ கொடுக்கலாம் என்று சேர்த்துக்கொண்டனர். இலண்டனில் அச்சான ஒரு விதிநூலில் கீழைநாட்டுச் சாராயம் இடம்பெற்றது இவ்வாறுதான்.

மேற்கிந்தியத் தீவுகளில் கரும்பின் றம் பெற்ற இடத்தை, இந்துமாக்கடலில் சாராயம் பெற்றது. கோவாவிலும் இலங்கையிலும் தென்னங்கள்ளிலிருந்து அது வடிக்கப்பட்டது. ஒல்லாந்தரின் பத்தாவியாவில் கருப்பஞ்சாற்றுப் பாகும் அரிசியும் சேர்ந்தன. 1740இல் அட்மிரல் வேர்னன் என்பவர், மாலுமிகள் றம்மை நீர் கலவாது குடித்துத் தளத்தில் விழுவதைக் கண்டு, அரைப் பைந்து றம்முக்கு ஒரு குவாட் தண்ணீர் கலந்தே கொடுக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். நீர் கலந்த அந்தப் பானத்துக்கு, அவர் அணிந்திருந்த முரட்டுத் துணிச் சட்டையின் பெயரை ஒட்டி ‘குரொக்’ என்ற பெயர் நிலைத்தது. கீழைக் கடலில் அதே குரொக் சாராயத்திலும் கலக்கப்பட்டது.

திருகோணமலைக்கு இவ்விடயத்தில் தனிச் சிறப்பு எவ்வாறு வந்தது என்பதற்குப் பருவக்காற்றையே சான்றாகக் கூற வேண்டும். சென்னைக் கரையில் அக்காலத்தில் துறைமுகம் இல்லை. திறந்த கடலிலே கப்பல்கள் நின்றன. வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் சோழமண்டலக் கரையில் நின்ற கப்பல் உடைந்து போகும். எக்காற்றிலும் அசையாது நிற்கக்கூடிய துறை, வங்கக் கடலின் மேற்குப் புறத்தில் திருகோணமலை ஒன்றே. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கில அட்மிரல் எட்வேட் ஹியூஸ் இதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் இருவரும் துறைக்கு வெளியே மோதினர். இத்தனை போட்டியும் வெற்றிக்கொடி ஒன்றுக்காக மட்டும் நிகழவில்லை. துறையை இழந்தவன், மழைக்காலம் முழுதும் தன் கப்பல்களைப் பழுதுபார்க்கவும் நீரும் உணவும் நிரப்பவும் இடமின்றி அலைய வேண்டும். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்து பிடித்த பின்னர், 160 ஆண்டுகளுக்கு மேல் இத்துறையை விட்டகலவில்லை.

இனி, கரையில் இருந்தோர் வடித்த மதுவைக் காண்போம். கடலோடிகள் வரும் முன்னரே இங்கே மது வடிக்கும் தொழில் வேரூன்றியிருந்தது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் தென்னை. அப்பால் வறண்ட மணற்பரப்பில் பனை. ஒவ்வொரு மரமும் ஒரு மதுசாலை என்றால் மிகையாகாது. பியர் வடிப்பவன் தானியத்தை முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிய பின்னரே நொதிக்க விட முடியும். கள் இறக்குபவனுக்கு அந்தச் சர்க்கரையை மரமே ஆக்கிக் கொடுத்துவிடுகிறது. ஆயினும் மரம் அதனைத் தானாகத் தருவதில்லை.

விரியாத பாளையைத் தேர்ந்து, நாரால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். மிகுதியாகத் தட்டினால் பாளை நொந்து அழுகும். குறைவாகத் தட்டினால் சாறு ஊறாது. பல நாள் தட்டிய பின்னர், நுனியைப் பாளைக்கத்தியால் மெல்லிய சீவலாகச் சீவ, துளி துளியாகச் சாறு வடியும். அதன் கீழே முட்டியைக் கட்டுவர். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சீவிய வாய் காய்ந்து ஊற்று அடைபடும். மேல்மாகாணத்துத் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் தும்புக்கயிறு கட்டி, அதன்மேல் நடந்து செல்லும் வழக்கமுண்டு. பனையில் அவ்வசதி பெரும்பாலும் இல்லை. காலிலே தளநாரை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு மரத்திலும் ஏறி, ஒவ்வொரு மரத்திலிருந்தும் இறங்க வேண்டும். நாளொன்றுக்கு இருபது மரம் சீவுபவன், காலையும் மாலையுமாக நாற்பது முறை வானத்துக்கும் மண்ணுக்கும் இடையே போய் வருகிறான். கால் இடறி வீழ்ந்தோர் பலர். அவர்களுக்கு நட்டஈடு கொடுத்த சட்டம் எதுவும் நெடுங்காலம் இருக்கவில்லை. கள்ளை விரும்பிக் குடித்த ஊரே, கள் இறக்கியவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி வைத்தது. கோயிலிலும் கிணற்றடியிலும் அவனுக்கு இடம் மறுத்தவர்கள், மாலையில் அவன் முட்டியைத் தேடிச் சென்றதை வரலாறு மறைக்க முடியாது.

சாறு முட்டியில் விழும்போதே நொதித்தல் தொடங்கிவிடும். காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் உட்புறத்திலும் உறையும் நுண்ணுயிர்கள் அதனைச் செய்கின்றன. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் அவை அடங்கும். அப்போது கிடைப்பது இனிப்பான கருப்பநீர். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் கள். காலையில் இறக்கிய கள் மெல்லிய இனிப்பும் நுரையும் உடையது. பிற்பகலில் கடுமை ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகும். இத்தகைய பானத்தை ஆறு மாதக் கடற்பயணத்துக்கு எடுத்துச் செல்ல இயலாது என்பது தெளிவு. ஆதலின் கள்ளைக் கரையிலே குடித்த மாலுமி, கப்பலுக்குள் கொண்டு போனது அதனை வடித்தெடுத்த சாராயத்தையே.

கள்ளை நாடன் மது என்று இகழ்ந்து, பியரை நாகரிக மது என்று போற்றுவோருக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தானியத்தை நொதிக்க வைத்துப் பியர் செய்யும் கலை தமிழருக்குப் புதியதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நெய்தல் நிலத்து வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கும் முறை அடுக்கடுக்காக விளக்கப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றி, நெல்முளையின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய விட்டு, வலிய வாயையுடைய சாடியில் முதிரச் செய்து, விரலால் அலைத்துப் பிழிந்து வடிப்பர் என்று புலவர் கூறுகிறார். சமைத்த தானியம், முளை, நொதித்தல், வடித்தல் என்று இன்றைய பியர் வடிசாலையின் படிகள் பலவும் அங்கே காணப்படுகின்றன. வீட்டில் நெல்லால் ஆக்கிய அத்தகைய மதுவுக்குத் தோப்பி என்று ஒரு பெயரும் இருந்தது. கப்பலில் வந்த மதுவையும் அக்காலத்தார் அறிவர். யவனர் நல்ல கலத்தில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். தோப்பி எப்போது மறைந்தது என்று நாள் குறிக்க இயலாவிடினும், பிழா என்ற சொல் முற்றாக மறையவில்லை. யாழ்ப்பாணத்தில் பனையோலையால் கோலிக் கள் குடிக்கும் ஏனத்தைப் பிளா என்று இன்றும் வழங்குவது அப்பழஞ்சொல்லை நினைவூட்டுகிறது.

சாராயத்துக்கும் திருகோணமலைக்கும் உள்ள உறவு கப்பலோடு முடியவில்லை, காட்டிலும் உண்டு. இலங்கையின் வரண்ட காடுகளில் வளரும் ஒரு மரத்தைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பர், தமிழில் சவண்டலை. ஆங்கிலேய வணிகர் அதற்கு இட்ட பெயரோ ‘திருகோணமலை மரம்’. இத்துறையிலிருந்து ஏற்றுமதியான காரணத்தால் அப்பெயர் வந்தது. இலேசும் வலிமையும் வளைந்து கொடுக்கும் இயல்பும் ஒருங்கே உடைய இம்மரத்தைச் சென்னைக் கரையினர் மசூலாப் படகு கட்டுவதற்கு விரும்பி வாங்கினர். அலையை மோதி உடையாது அதனோடு வளையும் படகுக்கு இதனினும் ஏற்ற பலகை வேறில்லை என்பது அவர்கள் துணிபு. அதே மரத்தால்தான் இலங்கையில் சாராயத்தைப் பதப்படுத்தும் பெருந்தொட்டிகளும் பீப்பாய்களும் செய்யப்பட்டன. ஸ்கொத்லாந்தின் விஸ்கிக்கு ஓக் மரம் எப்படியோ, இலங்கைச் சாராயத்துக்குச் சவண்டலை அப்படி. வடித்த புதிதில் நீர்போல் தெளிந்தும் தொண்டையைக் கீறுவதாயும் இருக்கும் சாராயம், அம்மரத்தினுள் ஆண்டுக்கணக்கில் கிடந்து பொன்னிறமும் மென்மையும் பெறுகிறது. நேயர்களுள் பலர் சாராயத்தைத் தொடாதவராக இருக்கலாம். ஆனால் திருகோணமலை என்னும் பெயர், ஒரு மரத்தின் பெயராகவும் உலகச் சந்தையில் உலவியது என்பது அறியத்தக்கதே.

அந்தத் தொட்டியில் முதிர்ந்த சாராயம் எல்லார்க்கும் கிட்டவில்லை. படைவீரனுக்கும் மாலுமிக்கும் கிடைத்தது பெரும்பாலும் புதிதாக வடித்த கடுஞ்சாராயம். இலங்கையில் இருந்த ஆங்கிலப் படையினருக்கு நாள்தோறும் சாராயம் பங்கீடாகக் கொடுக்கப்பட்டது. அது சலுகையன்று, உணவின் ஒரு பகுதி என்றே கருதப்பட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு அது காப்பு என்றும் மருத்துவர் சிலர் நம்பினர். 1808 முதல் 1821 வரை இலங்கையில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல் இந்நம்பிக்கையை மறுத்தவர்களுள் முதன்மையானவர். குடிக்கும் பழக்கமே இல்லாத இளம் வீரனையும் இப்பங்கீடு குடிகாரனாக்குகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. படையினரின் நோயையும் சாவையும் எண்ணிக் கணக்கிட்டு எழுதும் முறையைப் பிரித்தானிய இராணுவத்தில் தொடக்கி வைத்தவருள் அவரும் ஒருவர். அக்கணக்குகள் வெளிவந்தபோது, இலங்கையின் காவல் நிலையங்களுள் திருகோணமலை மிக நோயுற்ற இடங்களுள் ஒன்றாகக் காணப்பட்டது. காய்ச்சலும் வாந்திபேதியும் வயிற்றுளைவும் பெருங்காரணங்கள். சாராயம் அவற்றுக்குத் துணை நின்றது. பிரெடெரிக் கோட்டையைச் சூழ்ந்த பழைய ஐரோப்பியக் கல்லறைகளில், இளம் வயதில் மாண்டோரே மிகுதி என்பதில் வியப்பில்லை.

கடற்படையிலும் மெல்ல மாற்றம் வந்தது. மதுப் பங்கீடு 1824இல் பாதியாகக் குறைக்கப்பட்டது. 1850இல் மேலும் பாதியாகி, அரைக்கால் பைந்து என்று நின்றது. பியர்ப் பங்கீடு 1831இல் அறவே நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், பியர் என்பது கப்பலில் உரிமையாகக் கிடைக்கும் உணவன்று. கரையில் காசு கொடுத்து வாங்கும் இன்பம்.

அந்த இன்பத்தைக் கீழைநாடுகளுக்கு அனுப்புவதில் ஆங்கில வணிகர் காட்டிய முயற்சி தனிக்கதை. இலண்டனை அடுத்த போ என்னும் இடத்து வடிசாலையின் உரிமையாளர் ஹொட்சன், ஹொப்ஸ் மிகுதியாகச் சேர்த்த பியரை இந்தியாவுக்கு ஏற்றினார். 1820களில் பேர்ட்டன் நகரத்து ஓல்சொப் அவரோடு போட்டியிட்டார். இந்தியப் பேல் ஏல் என்று புகழ் பெற்ற பியர் இதுவே. ஆனால் அதன் விலையைச் சாதாரண மாலுமியின் கூலி தாங்காது. உள்ளூரிலேயே வடிக்கலாமே எனின், கரையோரத்து வெப்பம் இடம் கொடாது. குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலத்தில் பியர் நொதிப்பதற்குத் தண்மையான காற்று வேண்டும். இதனாலேயே இமயமலைச் சாரலில் கசௌலியிலும் மரீயிலும், நீலகிரியில் உதகமண்டலத்திலும் பியர் வடிசாலைகள் எழுந்தன. இலங்கையில் அதற்கேற்ற இடம், கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியா ஒன்றே. பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் இறுதியில் அங்கே பண்ணை அமைத்தபோது பியர் வடிக்கவும் முனைந்தார். நிலைத்த வடிசாலை 1881இல் எழுந்தது. மலையருவி நீரைக் கொண்டு இயங்கிய அவ்வடிசாலையில், மரீயின் வடிசாலைக் கம்பனியும் ஒரு காலத்தில் பங்கு கொண்டிருந்தது. ஆக, திருகோணமலையின் பியர் திருகோணமலையில் ஆனதன்று. மலையிலிருந்து இறங்கி வந்தது, அன்றேல் கடல் கடந்து வந்தது. 1927இல் புகையிரதப் பாதை துறைமுகத்தை எட்டிய பின்னரே மலைநாட்டுப் பொருள்கள் எளிதாக இங்கு வரலாயின.

இதற்கிடையில் கள்ளும் சாராயமும் அரசாங்கத்தின் கருவூலத்தை நிரப்பி வந்தன. ஒல்லாந்தர் காலத்திலேயே சாராயக் குத்தகை ஏலம் விடப்பட்டது. ஆங்கிலேயர் அதனை விரிவாக்கினர். குத்தகைக்காரர் செல்வராயினர்; 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் எழுந்த பெருங்குடும்பங்கள் சிலவற்றின் முதலீடு இவ்வழியே திரண்டது. மரமேறியவன் மரமேறியவனாகவே இருந்தான். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டம் குத்தகை முறையை மாற்றிக் கள்ளுக்குத் தனித் தவறணைகளை ஏற்படுத்தியபோது, நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டது. பின்னாளில் சுதந்திர இலங்கையின் தலைவர்களாக விளங்கிய பலர் முதன்முதலில் மேடையேறியது அவ்வியக்கத்தில்தான். ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடச் செய்யும் உரிமையும் அதன் வழியே கிடைத்தது. மதுவிலக்காளரின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் தவறணை மூடியபோது சீவற்றொழிலாளியின் அடுப்பும் அணைந்தது என்பதை அம்மேடைகளில் சொன்னவர் மிகச் சிலர்.

இரண்டாம் உலகப் போர் இத்துறையை உலகின் கண்முன் நிறுத்தியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கி, 1944 சனவரியில் திரும்பி வந்தது. அவ்வாண்டு முழுதும் உள்துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நிரம்பி நின்றன. ஓகஸ்ட் 8ஆம் நாள், வேலியன்ற் என்னும் பெரும்போர்க்கப்பலை ஏந்திய மிதக்கும் தளமே உடைந்து அமிழ்ந்த விபத்தும் இங்கு நேர்ந்தது. பிரித்தானிய மாலுமிக்குக் கப்பலில் நாள்தோறும் றம் உண்டு. அவனோடு சேர்ந்து போரிட வந்த அமெரிக்க விமானந்தாங்கியான சரடோகாவிலோ ஒரு துளி மதுவும் இல்லை. 1914 முதல் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் மது தடைசெய்யப்பட்டிருந்தது. ஒரே துறையில் அருகருகே நின்ற இரு கடற்படைகள், இவ்விடயத்தில் இரு வேறு உலகங்களாக இருந்தன.

பல்லாயிரம் மாலுமிகள் கரைக்கு வரும்போது அவர்கள் நாடியது பியர். அது போதிய அளவு இல்லை. கப்பலில் இடம் குண்டுக்கும் எண்ணெய்க்குமே போதவில்லை. போத்தல் பியருக்கு எங்கே போவது? தென்கிழக்காசியப் போர்முனையில் இருந்த பிரித்தானியப் படையினரின் நலன் சார்ந்த குறைகளை ஆராய 1944இல் மன்ஸ்ரர் பிரபு அனுப்பப்பட்டபோது, கடிதத் தாமதம், நெடுநாள் பிரிவு ஆகிய குறைகளோடு பியர்ப் பற்றாக்குறையும் எழுப்பப்பட்டது. போர்க்கால அரசாங்கம் ஒன்று பியரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது விந்தையாகத் தோன்றலாம். வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் அப்பால், வெயிலில் வெந்த இரும்புக் கப்பலுக்குள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவனுக்கு, அந்த ஒரு போத்தல் ஊர் நினைவின் அடையாளம் என்பதை அமைச்சர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்வுணர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் உலகிலேயே புதுமையான ஒரு வடிசாலை. 1944 நவம்பர் 22ஆம் நாள், திருகோணமலையில் நின்ற கப்பல்களைப் பிரித்து, அட்மிரல் புரூஸ் பிரேசரின் தலைமையில் பிரித்தானியப் பசிபிக் கடற்படை அமைக்கப்பட்டது. 1945 சனவரியில் அது இத்துறையை விட்டுப் புறப்பட்டு, வழியிலே சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தாக்கிவிட்டு, சிட்னியை அடைந்தது. கரையோரத் தளங்களிலிருந்து வெகு தொலைவில் போரிட வேண்டிய அக்கடற்படைக்குத் துணைக்கப்பல்கள் பல வேண்டியிருந்தன. எண்ணெய்க் கப்பல், மருத்துவக் கப்பல், பழுதுபார்க்கும் கப்பல் ஆகியவற்றோடு, பொழுதுபோக்குக் கப்பல் ஒன்றும் திட்டமிடப்பட்டது. புளூ பனல் கம்பனியின் மெனஸ்தியஸ் என்னும் வணிகக் கப்பல், 1929இல் கட்டப்பட்டது. போர்க்காலத்தில் கடற்கண்ணி இடும் பணியிலிருந்தது. அது கனடாவின் வான்கூவர் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. நாடக அரங்கும் கடைகளும் அதனுள் அமைந்தன. அதன் அடித்தளத்திலே ஒரு முழுமையான பியர் வடிசாலை நிறுவப்பட்டது!

கடல்நீரைக் காய்ச்சி வடித்து உப்பகற்றிய நீர், செறிவாக்கிய முளைத்தானியச் சாறு, ஹொப்ஸ், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் என இவற்றைக் கொண்டு நடுக்கடலில் பியர் வடிக்கப்பட்டது. தானியத்தை மூட்டை மூட்டையாக ஏற்றாமல் சாற்றை மட்டும் ஏற்றியதால் இடம் மிச்சமாயிற்று. தண்ணீர் கடலிலேயே இருந்தது. மாலுமிகளின் கதைகளில் கடலடியில் வாழும் பேயின் பெயர் டேவி ஜோன்ஸ். அப்பெயரையே இவ்வடிசாலைக்கும் இட்டனர். இருநூறாண்டுகளாகக் கப்பலில் புளித்துக் கெட்டுப்போன பியருக்கு, கப்பலிலேயே வடிப்பது என்னும் எளிய விடை இறுதியில் கிடைத்தது. ஆனால் விடை கிடைத்தபோது வினா இல்லை. முதற் கொதி வைத்தது 1945ஆம் ஆண்டின் இறுதியில். ஜப்பானோ அதற்கு முன்னரே சரணடைந்துவிட்டது. 1946இல் ஜப்பான், சீனத் துறைகளில் காவலிருந்த மாலுமிகள் சிலர் அந்தப் பியரைப் பருகினர். பின்னர் வடிசாலை கழற்றப்பட்டது. வணிகத்துக்குத் திரும்பிய மெனஸ்தியஸ், 1953இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் தீப்பற்றிக் கைவிடப்பட்டது.

திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹைபிளையர் என்று பெயர் பெற்ற கரைநிலையமும் மாலுமிகளின் மதுக்கூடங்களும் மூடப்பட்டன. அவர்களை நம்பியிருந்த கடைகளும், கப்பற்பட்டறைத் தொழிலாளரும் வேறு வழி தேட நேர்ந்தது. கடற்படையின் றம் பங்கீடு 1970 ஜூலை 31ஆம் நாளோடு முடிவுற்றது. நுவரெலியா வடிசாலையின் பணியும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பை அடுத்த பியகமைக்கு மாறியது. அதன் கரிய ஸ்டவுட்டை மைக்கல் ஜக்சன் என்னும் ஆங்கிலப் பியர் எழுத்தாளர் நேரில் வந்து சுவைத்துப் புகழ்ந்தமையால், மேலைநாடுகளிலும் அதற்குப் பெயர் உண்டாயிற்று. நிலாவெளிக் கடற்கரையின் விடுதிகளில் இன்று உல்லாசப் பயணிகள் அருந்துவது பியகமையின் பியரே.

கள்ளின் கதை வேறு வழியிற் சென்றது. 1970களில் வட, கீழ் மாகாணங்களின் சீவற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்தனர். மரவரி கட்டித் தாமே கள் இறக்கித் தாமே விற்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. குத்தகைக்காரன் நடுவிலிருந்து அகன்றமையால், சீவியவன் கையில் முதன்முறையாக முழு விலை தங்கியது. அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று உத்தியோகம் பெற்றனர். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. பின்னர் வந்த நீண்ட போரில் பனைகள் பதுங்குகுழிக்காக வெட்டுண்டன, ஊர்கள் இடம்பெயர்ந்தன, 2004 திசெம்பரில் ஆழிப்பேரலை கீழ்க்கரைத் தோப்புகளுக்குள் புகுந்தது. 2009இல் போர் முடிந்து திரும்பி வந்தோர், எஞ்சிய மரங்களில் மீண்டும் பாளை கட்டினர். மரமேறும் இளைஞர் அருகி வருவதே இப்போது சங்கங்களுக்குள்ள பெருங்கவலை. கள்ளைச் சூடாக்கிக் கிருமியகற்றிப் போத்தலில் அடைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அங்குள்ள தமிழர் அதனை வாங்குகின்றனர். ஆயினும் போத்தலில் அடைத்த கள்ளுக்கும், மாலையில் மரத்திலிருந்து இறங்கிய கள்ளுக்கும் உள்ள வேறுபாட்டை நாவறிந்தோர் எளிதில் சொல்லிவிடுவர். அந்த இரண்டாவது வகை இன்னமும் பிறந்த ஊரை விட்டு வெகுதூரம் செல்வதில்லை. பொழுது சாய்வதற்குள் முட்டியைக் காலி செய்யாவிடில், மறுநாள் அதில் இருப்பது காடி. அதனையும் வீணாக்காது வடித்துப் போத்தலிலிட்டு, ஊறுகாய்க்கென்று சந்தையில் விற்கிறார்கள்.